பெட்டகத்தில் மிச்சம் என்ன?

1960களின் ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸின் ரசிகர்கள் இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்துக்குள் பேச்சு வெளிவராத பதிவுகளின் பக்கம் திரும்பிவிடும். லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவின் பெட்டகத்தில் இன்னும் என்னென்ன பூட்டிக் கிடக்கின்றன என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். முதல் விரல் எப்போதும் 'கார்னிவல் ஆஃப் லைட்'. இரண்டாவது, 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாட்டின் 27 நிமிடம் ஓடும் பதிவு. அதற்குப் பிறகு அவரவர் பித்துக்கு ஏற்றபடி பட்டியல் நீளும்.

இந்தப் பேச்சில் நானும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் 'மிச்சம் என்ன' என்ற கேள்வி எனக்கு வரவர அலுத்துவிட்டது. வெளியே வந்தவற்றை நமக்கு எந்த லட்சணத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் இப்போது என் கோபமெல்லாம்.

முதலில் அந்தக் 'கார்னிவல்' விவகாரத்தை முடித்துவிடுகிறேன். 1967 ஜனவரி 5-ஆம் தேதி, 'பென்னி லேன்' பாட்டின் குரல் வேலைகளுக்காக ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரும் கூடிய நாளில், பால் மெக்கார்ட்னியின் யோசனைப்படி ஏறத்தாழ 14 நிமிடத்துக்கு ஒரு ஒலிக்கலவையைப் பதிவு செய்தார்கள். லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் நடந்த ஓர் ஒளி, ஒலி நிகழ்ச்சியில் போடுவதற்காகச் செய்தது. மேளம், உறுமல், எதிரொலி, கூச்சல் என்று போகும். மெட்டு என்று எதுவும் கிடையாது என்பதே கேட்டவர்களின் சாட்சியம். 1990களில் மெக்கார்ட்னி இதை 'ஆந்தாலஜி' என்ற வெளிவராத பதிவுகளின் தொகுப்பில் சேர்க்க விரும்பினார், மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. பெரிய பெரிய ரகசியங்கள் எல்லாம் கசிந்த பிறகும் இது ஒன்று மட்டும் திருட்டுத் தட்டில்கூட வரவில்லை. அதனால்தான் இதற்கு இத்தனை மவுசு. நாளைக்கே அதிகாரபூர்வமாக வெளிவந்தால் எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள், பாதிப் பேர் ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் முதல் இன்னொரு பெயரைச் சொல்லி ஏங்க ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஒதுக்கப்பட்ட டேக்குகளின், அதாவது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்த முயற்சிகளின், உண்மையான சுகம் வேறு இடத்தில் இருக்கிறது. 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டை எடுத்துக்கொள்ளலாம்.

1966 இலையுதிர் காலத்தில் ஜான் லெனன் ஒரு படப்பிடிப்புக்காக ஸ்பெயினின் அல்மேரியாவில் இருந்தார். காத்திருப்பதே நடிகரின் பிரதான வேலை என்பதால் கையில் கிதாரும் பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டருமாகப் பொழுது போனது. அப்போது பதிவான நாடாக்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு பூட்லெக் என்னும் திருட்டுத் தட்டுகளில் வந்தன. அவற்றில் பாட்டுக்கு இன்னும் பல்லவியே இல்லை. இருப்பது ஒரு சரணம். அதிலும் நாம் அறிந்த, தன் மரத்தில் யாரும் இல்லை என்ற வரி இல்லை. தன் அலைவரிசையில் வேறு யாரும் இல்லை என்று நேரடியாகப் புலம்புகிறார். வாசிப்பு தடுமாறுகிறது, நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. விரல் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி தெரியாமல் தவிப்பது துல்லியமாகக் கேட்கிறது. சில தடவைகள் கழித்துக் கேட்டால் அலைவரிசை போய் மரம் வந்திருக்கிறது. தன் தற்பெருமையை அவரே கேட்டுக் கூசி அந்த வரியை மாற்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நவம்பர் 24 இரவு ஏபி ரோட்டில் முதல் டேக். பாட்டு சரணத்தில் தொடங்குகிறது. பதிந்து வைத்த ஒலிகளை வாசிக்கும் மெலட்ரான் என்ற கீபோர்டின் புல்லாங்குழல் ஒலி ஓரமாக வந்து போகிறது. வேகம் குறைவு, அலங்காரம் குறைவு. சில நாட்களில் அமைப்பு மாறி, மெலட்ரான் முன்னிசைக்கு வந்து, ஏழாவது டேக்கில் பாட்டு முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். லெனனுக்கு மட்டும் திருப்தி இல்லை. டிசம்பரில் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, தாளம் முரட்டுத்தனமாகி, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய நான்கு டிரம்பெட், மூன்று செல்லோ சேர்ந்து, 26-ஆம் டேக் உருவானது. அதன் பிறகு லெனன் வந்து, முதல் பாதிக்கு பழையது, இரண்டாம் பாதிக்குப் புதியது, இரண்டையும் ஒட்டிக் கொடுங்கள் என்கிறார். இரண்டும் வேறு வேகம், வேறு சுருதி என்று மார்ட்டின் சொன்னதற்கு, அதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று பதில்.

டிசம்பர் 22 அன்று மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் ஒரு நாடாவைக் கொஞ்சம் வேகமாக்கி, இன்னொன்றைக் கொஞ்சம் மெதுவாக்கினார்கள். ஆச்சரியமாக இரண்டும் ஒரே சுருதியில் வந்து நின்றன. பாட்டின் முதல் நிமிடம் முடியும் இடத்தில் 'கோயிங் டு' என்ற சொற்களுக்குச் சற்று முன்னால் வெட்டி ஒட்டினார்கள். தெரியாதவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தெரியாது. இரண்டு டேக்குகளையும் தனித்தனியாகக் கேட்டவர்களுக்கு அதன் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் காது தானாக நிமிர்ந்துகொள்ளும். அந்த நொடியில் லெனனின் குரல் கனத்து, கொஞ்சம் மயக்கம் பிடித்ததுபோல ஆகிறது. அந்தக் குரலின் விநோதம் வேகத்தைக் குறைத்ததால் கிடைத்தது என்பதைத் தனி டேக்குகளைக் கேட்ட பிறகுதான் என்னால் காதால் நம்ப முடிந்தது.

நம் ஊரில் சபாக் கச்சேரிகளை டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்து, ரசிகர்கள் கைமாற்றிக்கொண்டு பாதுகாத்த மரபு உண்டு. அந்த நாடாக்களில் இருப்பது பாடி முடிக்கப்பட்ட கச்சேரி. பாடகர் மக்கள் முன்னால் பாடச் சம்மதித்துப் பாடியது. ஸ்டுடியோ மிச்சங்கள் அப்படியல்ல. வித்வான் வீட்டில் சாதகம் செய்யும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பதற்குத்தான் அவை நெருக்கமானவை. எனவே அதில் ஒரு குற்ற உணர்ச்சியும் கலந்திருக்கும். அது எனக்கும் உண்டு.

அந்த ஜன்னல் திறந்த கதையும் சுவாரசியமானது. 1969 ஜனவரியில் எடுத்த பதிவுகளைக் கொண்டு ஒலிப்பொறியாளர் கிளின் ஜான்ஸ் தயாரித்த கலவைகள், குழுவினர் கேட்டுப் பார்ப்பதற்காக அசிடேட் என்ற மாதிரித் தட்டுகளாகப் போயின. அதில் ஒரு பிரதி அமெரிக்க வானொலி நிலையங்களின் கைக்குப் போய் அந்த ஆண்டே ஒலிபரப்பாகிவிட்டது. அந்தப் பதிவுகளிலிருந்து உருவான 'லெட் இட் பீ' ஆல்பம் 1970 மே மாதம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே வெறும் வெள்ளை அட்டையில் 'கம் பேக்' என்ற திருட்டுத் தட்டு கடைகளில் இருந்தது. பீட்டில்ஸின் முதல் பூட்லெக் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கிளின் ஜான்ஸ் அப்போது அமைத்துக் கொடுத்து, குழு வேண்டாம் என்று தள்ளிய ஆல்பம் முறைப்படி விற்பனைக்கு வந்தது 2021 அக்டோபரில். இடையில் அரை நூற்றாண்டு. அதைக் கேட்க விரும்பியவன் வேறு எங்கே போயிருப்பான்?

1983 கோடையில் ஏபி ரோட்டின் இரண்டாம் ஸ்டுடியோவைச் சில வாரங்களுக்குப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, ஒரு படக்காட்சியோடு சில வெளிவராத டேக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். பையில் டேப் ரெக்கார்டரோடு வந்தவர்கள் யார், பாட்டு கேட்க மட்டும் வந்தவர்கள் யார் என்று வாசலில் யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. அரங்கின் இருமலும் கைதட்டலும் சேர்ந்த தட்டுகள் விரைவில் வந்தன. 1985-இல் இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ. 'செஷன்ஸ்' என்று ஒரு ஆல்பத்தைத் தயார் செய்து, குழுவினரின் எதிர்ப்பால் நிறுத்தியது. அதுவும் கசிந்தது. 1988-இல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. பீட்டில்ஸ் வரலாற்றாளர் மார்க் லூயிசன் ஸ்டுடியோ நாடாக்களைக் கேட்டு, எந்த நாளில் எந்தப் பாட்டின் எத்தனை டேக்குகள் பதிவாயின என்று முழுப் பதிவேட்டையும் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் 'அல்ட்ரா ரேர் டிராக்ஸ்' என்ற பூட்லெக் சிடிக்கள் வந்தன. அதுவரை பூட்லெக் என்றால் பிரதிக்குப் பிரதி எடுத்து இரைச்சலே பாதியாக இருக்கும். இந்தச் சிடிக்களோ ஸ்டுடியோவிலிருந்து நேராக வந்தவைபோல ஒலித்தன. ஒரு கையில் பட்டியல், இன்னொரு கையில் சரக்கு. அதன் பிறகு ரசிகர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

1995, 1996 ஆண்டுகளில் 'ஆந்தாலஜி' மூன்று தொகுதிகளாக வந்தபோது திருட்டுக் கடை மூடப்படும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். நடந்தது வேறு. பூட்லெக் வைத்திருந்தவர்கள் புதிய சிடியைப் போட்டுக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார்கள். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' முதல் டேக்கின் இறுதியில் வரும் கூட்டுக் குரல்களைக் காணோம். கலவை செய்யும்போது விட்டுவிட்டார்கள். அந்தக் குரல்கள்தான் அந்த டேக்கின் உயிர். அவை மறுபடி சேர்ந்த வடிவம் 2017-இல் 'சார்ஜண்ட் பெப்பர்' ஐம்பதாண்டுப் பெட்டியில் வந்தது. 'எ டே இன் தி லைஃப்' என்று கொடுத்தது பல டேக்குகளின் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. அப்படி ஒரு வாசிப்பு எந்த நாளிலும் நடக்கவே இல்லை. 12 நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' இரண்டாம் டேக்கை நான்கரை நிமிடமாக நறுக்கிக் கொடுத்தார்கள். அதே பாட்டு அதே இரவில் எப்படி மெல்ல மெல்ல ஒரு மந்திர உச்சாடனம் போலாகிறது என்பதை அறிய நீளம்தான் முக்கியம். முழுசாகக் கேட்க, 'ஒயிட் ஆல்பம்' ஐம்பதாண்டுப் பெட்டி வந்த 2018 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

எடிட் செய்தவர்களின் நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு சிடியில் ஏறத்தாழ 80 நிமிடத்துக்கு மேல் இடம் கிடையாது. வாங்குபவர்களில் பெரும்பான்மை பாட்டைக் கேட்க வருபவர்கள், டேக் எண்ணைச் சரிபார்க்க வருபவர்கள் அல்ல. ஆனாலும், 'இதோ நடந்தது இது' என்று சொல்லிக் கொடுக்கும்போது நடந்ததைக் கொடுக்க வேண்டாமா? நடக்காத ஒன்றை ஒட்டித் தைத்துவிட்டு அதை வரலாறு என்று அட்டையில் அச்சிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 நவம்பரில் வந்த 'நவ் அண்ட் தென்' விஷயத்திலும் இதே சண்டை. 1970களின் பிற்பகுதியில் லெனன் நியூயார்க் வீட்டில் பியானோவில் பாடிப் பதிந்த கேசட் அது. இரைச்சல் அதிகம் என்று 1995-இல் கைவிட்டார்கள். பிறகு திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்தது. குரல் அத்தனை தெளிவு. கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் பூட்லெக்கில் அந்தக் கேசட்டை முன்பே கேட்டவர்களுக்கு, நடுவில் வரும் ஒரு பகுதி முழுசாக நீக்கப்பட்டது முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. உன்னை இழக்க விரும்பவில்லை என்று லெனன் தயங்கித் தயங்கிப் பாடும் இடம். சொற்கள் பாதி முணுமுணுப்புதான், அவரே முடிக்காத இடம்தான். ஆனாலும் பாட்டின் மனம் அங்கேதான் இருந்தது என்று சொல்பவர்களின் கட்சியில் நான் இருக்கிறேன்.

இனி நாக்ரா நாடாக்கள். இந்தத் துறையில் பித்து முற்றியவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். 1969 ஜனவரி 2 முதல் 31 வரை நால்வரும் ஒத்திகை பார்ப்பதையும் பதிவு செய்வதையும் ஒரு படக்குழு எடுத்தது. இரண்டு கேமராக்கள், அவற்றோடு இரண்டு நாக்ரா டேப் ரெக்கார்டர்கள். ஒரு ரீல் ஓடுவது ஏறக்குறைய 16 நிமிடம். ஒன்றில் ரீல் மாற்றும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும். படத்தோடு ஒலியை இணைப்பதற்காக அவ்வப்போது ஒரு 'பீப்' சத்தம். இந்த நாடாக்கள் திருடு போய், கசிந்து, தட்டுகளாகின. 2003 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் அருகே போலீசார் ஏறக்குறைய 500 ரீல்களை மீட்டார்கள். அதற்குள் ஒலி முழுக்க வெளியே போய்விட்டிருந்தது. இரண்டு கேமராக்களின் ரீல்களையும் நேர வரிசைப்படி அடுக்கி, ஒன்றில் விட்டுப்போன இடத்தை மற்றதால் நிரப்பி, ரசிகர்களே தொகுத்த 'ஏ/பி ரோடு' தொகுப்பு 83 சிடிக்கள். நாடாவின் வேகம் சரியா என்று பார்க்கப் பின்னணியில் உள்ள மின்சார ரீங்காரத்தை அளப்பார்கள். பிரிட்டனில் அது 50 ஹெர்ட்ஸ். அளவு விலகினால் நாடா வேகம் தப்பு, திருத்த வேண்டும். சம்பளம் இல்லாமல் இவ்வளவு நுணுக்கமாக வேலை பார்க்கும் ஆவணக் காப்பகம் எந்த நாட்டில் இருக்கிறது?

அந்த 83 சிடிக்களில் பெரும்பகுதி அலுப்பு. ஒளிக்காமல் சொல்கிறேன். சுருதி சேர்க்கிறார்கள், தேநீர் கேட்கிறார்கள், பழைய பாட்டு ஒன்றின் இரண்டு வரியைப் பாடிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த அலுப்பு இல்லாமல் வெறும் துண்டுகளைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'கெட் பேக்' பாட்டே சாட்சி. அதன் ஆரம்ப வடிவங்களில் பாகிஸ்தானியர்கள் வேலைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில் வரிகள் வரும். 'நோ பாகிஸ்தானிஸ்' என்றே தலைப்பிட்டுப் பூட்லெக்கில் விற்றார்கள். தெற்காசியக் காதுக்கு முதல் தடவை கேட்கும்போது சுரீர் என்று இருக்கும். எனக்கும் இருந்தது. இனவெறிப் பாட்டு என்று பின்னாளில் பத்திரிகைகளில் புகார் எழுந்து, மெக்கார்ட்னி மறுக்க வேண்டியதாயிற்று.

முழு நாடாவையும் கேட்டால் காட்சி மாறுகிறது. 1968 ஏப்ரலில் ஈனக் பவல் என்ற அரசியல்வாதி, குடியேறிகளுக்கு எதிராகப் பேசி நாட்டையே சூடேற்றியிருந்தார். கென்யாவிலிருந்து வந்த ஆசியர்களைத் தடுக்கப் பிரிட்டன் சட்டமே போட்டிருந்தது. 1969 ஜனவரி 9 நாடாவில் மெக்கார்ட்னி பவலின் பெயரைச் சொல்லியே ஒரு கேலிப் பாட்டைக் கட்டிப் பாடுகிறார். லெனன் இடையிடையே வேடிக்கைக் குரலில் பதில் கொடுக்கிறார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு 'கெட் பேக்' வரிகளைக் கேட்டால் அது யாரை நோக்கிய கேலி என்று தெரியும். கேலி சரியாக விழவில்லை என்று அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும். அந்த வரிகள் போய்விட்டன. விற்றவன் துண்டை விற்றான், படித்தவன் தலைப்பைப் படித்தான்.

பீட்டர் ஜாக்சன் 2021-இல் ஏறக்குறைய எட்டு மணி நேரப் படமாக இதைக் கொடுத்தபோது, 60 மணி நேரப் படச்சுருளும் 150 மணி நேர ஒலியும் கையில் இருந்தன. படம் அற்புதம், மறுக்கவில்லை. மெக்கார்ட்னி கிதாரைத் தட்டித் தட்டி ஒன்றுமில்லாததிலிருந்து 'கெட் பேக்' மெட்டை வரவழைக்கும் காட்சியில், எதிரே ஜார்ஜ் ஹாரிசன் கொட்டாவி விடுவதை எந்தப் பூட்லெக்காலும் காட்டியிருக்க முடியாது. என்றாலும் எட்டு மணி நேரம் என்பது ஒரு மனிதரின் தேர்வு. அவர் எதை விட்டார் என்று சரிபார்க்க எனக்குத் திருட்டு நாடாதான் வேண்டியிருக்கிறது.

போலிகள் பற்றியும் சொல்லாமல் போனால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். பீட்டர் குக், டட்லி மூர் என்ற நகைச்சுவையாளர்கள் கிண்டலுக்காகப் பாடிய 'எல்.எஸ். பம்பிள்பீ' பாட்டை 1970களின் பூட்லெக்குகள் பீட்டில்ஸ் பாட்டு என்று விற்றன. பீ ஜீஸ் பாட்டுக் குழுவின் மாரிஸ் கிப் உள்ளிட்ட சிலர் பாடிய 'ஹேவ் யூ ஹேர்ட் தி வேர்ட்' பாட்டோ இன்னும் ஒரு படி மேலே போய், லெனன் எழுதியது என்று யோகோ ஓனோவே பதிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு ஏமாற்றியது. மனைவிக்கே குரல் பிடிபடவில்லை என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம். 2009-இல் பீட்டில்ஸ் வீடியோ விளையாட்டு வந்த பிறகு, அதிலிருந்து குரலையும் கருவிகளையும் தனித்தனியாக உருவியெடுத்துப் புதிய 'டேக்'குகளைத் தயாரிப்பது ஒரு தொழிலாகவே ஆனது. இப்போது கணினி பாடிக்கொடுப்பதால் இந்தக் குப்பை மலையாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், திருட்டு திருட்டுதான். ஆனால் அந்தச் சட்டமே ஒரு வேடிக்கை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலத்தை 50-லிருந்து 70 ஆண்டுகளாக நீட்டியபோது, 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாதவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை என்றது. உடனே 2013 டிசம்பரில், கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, 59 பதிவுகள் ஐடியூன்ஸில் வந்தன. தலைப்பு 'பூட்லெக் ரெக்கார்டிங்ஸ் 1963'. விளக்கக் குறிப்போ, விளம்பரமோ பெரிதாக இல்லை. எந்தப் பெயரைச் சொல்லி எங்களைத் திட்டினார்களோ, அதையே தலைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால், எனக்கு வேண்டியது 1968 ஆகஸ்ட் 7, 8 தேதிகளின் நாடாக்கள். ஜார்ஜ் ஹாரிசனின் 'நாட் கில்டி' பாட்டு. பதிவேட்டில் 102 டேக்குகள். அதில் 102 என்பது தனியாக வாசித்ததுகூட இல்லை, 99-ஆம் டேக்கை வேறு நாடாவுக்கு மாற்றிய பிரதி. இவ்வளவு பாடுபட்டும் பாட்டு 'ஒயிட் ஆல்ப'த்தில் இடம்பெறவில்லை. ஹாரிசன் 1979-இல் தன் தனி ஆல்பத்தில் அதை வேறு விதமாகப் பாடிச் சேர்த்தார். 'ஆந்தாலஜி'யில் சுருக்கமாகவும் 2018 பெட்டியில் முழுசாகவும் நமக்குக் கிடைத்தது அந்த 102-ஆம் எண் மட்டும். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய நூறு. பெரும்பாலானவை பாதியில் நின்றுபோனவை. யார் எந்த இடத்தில் தவறவிட்டார், முப்பதாவது தடவை மறுபடி எண்ணித் தொடங்கும்போது ஹாரிசனின் குரல் எப்படி இருந்தது, மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்களா, ஒத்துழைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு வாரம் கழித்து ஆகஸ்ட் 22 அன்று ரிங்கோ கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறினார். அந்தக் கோடையில் ஸ்டுடியோவுக்குள் என்ன புழுக்கம் இருந்தது என்று எழுதாத ஆள் இல்லை. அந்த நூறு டேக்குகளையும் நடுவில் உள்ள பேச்சோடு, ஒரு வெட்டும் இல்லாமல் கொடுத்தால் என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்வேன். 'கார்னிவல் ஆஃப் லைட்'டை வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும்.